வேலை செய்யாத மாத்திரை

நூலு தன் வேலை ஜோடிக்காரி ரேடியோவுக்குத் தர வேண்டியிருந்தது மூவாயிரத்து அறுநூற்று நாற்பது.

"அந்த நாப்பத விட்டுத் தள்ளுடி. மூவாயிரத்து அறுநூறுன்னு வெச்சுக்கோ" என்றாள் ரேடியோ.

"நாப்பது மட்டும் மரத்துலயா காய்ச்சுது? அதுவும் உங்க வேர்வைதானே அக்கா. எழுதிட்டேன், விடுங்க."

மாத்திரைப் பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுதியிருந்தாள். இரத்தப் பரிசோதனைக்கு இவ்வளவு, டாக்டருக்கு இவ்வளவு, ஒரு மாத மாத்திரைக்கு இவ்வளவு என்று போட்டு, கீழே கோடு கிழித்துக் கூட்டியிருந்தாள். முப்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட எழுத்து. கோணல்மாணலாகத்தான் இருக்கும். கணக்கு கோணாது. ரேடியோவுக்கு அந்தக் கோணல் எழுத்தும் தெரியாது. நூலு படித்துக் காட்டினால் தலையாட்டுவாள்.

லாண்டரியில் அந்தப் பெயர்களே நிலைத்துப்போயிருந்தன. காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் சங்கு ஊதும்வரை மூடமாட்டாள் என்பதால் அவள் ரேடியோ. மடித்த விரிப்பின் விளிம்புகள் நூல் பிடித்தாற்போல் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் என்பதால் இவள் நூலு. பதினோரு வருடமாக ஒரே ஜோடி.

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் உருளை மெஷினில் நசுங்கி, சூடு பறக்க மறுபக்கம் வந்து விழும். ஆளுக்கு இரண்டு மூலை. பிடித்து, ஓர் உதறு உதறி, விறைப்பாக இழுத்துப் பாதியாக்கி, இருவரும் எதிரெதிரே நடந்து வர வேண்டும். நடுவில் கையும் கையும் சேரும். ரேடியோ தன் மூலைகளை நூலுவின் விரல்களில் ஒப்படைத்துவிட்டுக் குனிந்து அடி மடிப்பைப் பிடிப்பாள். இன்னொரு மடிப்பு, இன்னொரு நடை, அடுக்கில் ஒன்று. நூறு சேர்ந்தால் சூப்பர்வைசர் சீட்டில் ஒரு கோடு போடுவார். கூலி அந்தக் கோட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. வந்ததை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி. ஒருத்தி நின்று தும்மினால் இன்னொருத்தியின் கூலியும் குறையும்.

அதனால்தான் நூலுவின் விரல் வீங்கியது அவள் புருஷனுக்கு முன்னால் ரேடியோவுக்குத் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை தொடுகிற கை அல்லவா.

"என்னடி, கை பன்னு மாதிரி ஊதியிருக்கு? யாரையாவது அறைஞ்சிட்டு வந்தியா?"

"தூக்கத்துல எங்காவது இடிச்சிருக்கும் அக்கா."

"ரெண்டு கையையும் ஒரே மாதிரியா இடிச்சே? நல்ல தூக்கம்தான் போ."

ஒரு மாதம் தைலம் தேய்த்தாள். இன்னொரு மாதம் வெந்நீரில் கையை வைத்தாள். அப்புறம் ரேடியோதான் முந்தானையில் முடிந்த பணத்தோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். காகிதம் வந்ததும் முடக்குவாதம் என்றார்.

"அது கிழவிகளுக்கு வர்றதில்லையா? எனக்கு நாப்பத்து நாலுதான்."

"இது வயசு பார்த்து வர்றதில்லம்மா. உங்க உடம்பே உங்க மூட்டை எதிரின்னு நினைச்சு அடிக்குது."

இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்று சின்ன வெள்ளை. தினம் காலையில் ஒன்று, கொஞ்ச நாளைக்கு மட்டும். வலியை அமுக்கி வைக்க. இன்னொன்று மஞ்சள். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள், குறித்த நாளில். "மஞ்சள்தான் நோய்க்கு. மெதுவாத்தான் பிடிக்கும். ரெண்டு மாசம், மூணு மாசம்கூட ஆகும். பொறுமையா போடணும். மாசாமாசம் இரத்தம் பார்க்கணும்."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் ஒரு கிடங்கில் ராத்திரிக் காவல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உடம்பே உடம்ப அடிக்குதா? கல்யாணம் ஆன புதுசுல நாம அடிச்சுக்கிட்ட மாதிரி" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு சரி.

காலைகள்தான் கொடுமை. அவள் விழித்துக்கொள்வாள், விரல்கள் விழிக்காது. இரவு யாரோ வந்து மூட்டுக்கு மூட்டு சிமெண்ட் ஊற்றிவிட்டுப் போனதுபோல் இருக்கும். காலைத் தரையில் வைத்தால் பாதத்துக்கு அடியில் கூழாங்கல். ஏழு மணி வேலைக்கு நாலு மணிக்கே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, குழாயைத் திறக்க முடியாமல் மணிக்கட்டால் தள்ளுவாள். குழாய் மசியாது. ஆறு மணிக்குப் புருஷன் வருவார். சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் குழாயைத் திறப்பார். அப்புறம் அவளுடைய ரவிக்கைக் கொக்கியை மாட்டுவார். தடித்த விரல்களில் கொக்கி வழுக்கிக்கொண்டே போகும்.

"இத கழட்டத்தான் எனக்குப் பழக்கம். மாட்டறது புதுசு" என்பார்.

எல்லாவற்றையும்விட மாத்திரை அட்டைதான் அவளை அழ வைத்தது. கைக்கு மாத்திரை. அதை அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்கக் கை வேண்டும். பல்லால் கடித்துப் பிய்ப்பாள். சில நாள் மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். குனிய முடியாது. புருஷன் வரும்வரை அது அங்கே கிடக்கும், இவள் இங்கே கிடப்பாள்.

லாண்டரியில் புதன்கிழமை கூலி, வியாழக்கிழமை விடுமுறை. அதனால் மஞ்சளைப் புதன் இரவில் போட்டாள். வியாழன் முழுக்கக் குமட்டல். வாந்தி, தலைச்சுற்று, வாயில் தகர ருசி. வாரத்தில் இருந்த ஒரே ஓய்வு நாள் அந்த மாத்திரைக்குக் கூலியாகப் போனது. ஆறு வாரம் அப்படிப் போயிற்று. காலையில் சிமெண்ட் அப்படியே இருந்தது. வெள்ளை போட்டால் மட்டும் பத்து மணிவாக்கில் விரல் கொஞ்சம் இளகும்.

அந்த ஆறு வாரமும் அவர்கள் சீட்டில் தினம் பத்துக் கோடு விழ வேண்டிய இடத்தில் ஏழு, எட்டு என்று விழுந்தது. ரேடியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூலையை ஒப்படைக்கும்போது நூலுவின் விரலை அழுத்தாமல், பூனைக்குட்டியைக் கொடுப்பதுபோல் கொடுத்தாள். அவளுக்கும் வீட்டு வாடகை உண்டு. படிக்கிற பெண் ஒருத்தி உண்டு. நூலுவால் அந்த நாட்களில் கடனில் முன்னூறு மட்டும்தான் கொடுக்க முடிந்தது. அதற்கே வீட்டில் டீக்குப் பால் நின்றது.

பிறகு ஓட்டல்களுக்குச் சீசன் வந்தது. விரிப்புகள் மலைபோல் குவிந்தன. இரண்டு மாதத்துக்கு விடுமுறை கிடையாது என்று சூப்பர்வைசர் சுவரில் காகிதம் ஒட்டினார். வராத நாளுக்குக் கூலி இல்லை, வராதவளின் ஜோடிக்கும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் நூலு சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். "வியாழக்கிழமை நான் எப்படி அக்கா வருவேன்? எழுந்து நிக்கவே முடியாதே."

ரேடியோ கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் யோசிப்பதே அபூர்வம்.

"ஏண்டி, நம்ம லாண்டரியில வேலை செய்யாதவளுக்குக் கூலி உண்டா?"

"கிடையாது."

"அந்த வெள்ளை இருக்கே, காலையில போட்டா பத்து மணிக்கு வேலைக்கு வந்து நிக்குது. இந்த மஞ்சள் ஒன்றரை மாசமா உக்காந்து தின்னுது. போதாததுக்கு உன்ன வாந்தி எடுக்க வெச்சுப் படுக்கப் போடுது. விலையும் அதுதான் கூட. நம்ம சூப்பர்வைசரா இருந்தா என்ன பண்ணுவாரு? சீட்டக் கிழிச்சுக் கையில குடுத்திருப்பாரு."

"டாக்டரம்மா மூணு மாசம்னாங்களே."

"சீசன் முடியட்டும், அப்புறம் போட்டுக்கோ. மாத்திரை எங்க ஓடிப்போகுது?"

பதினைந்து வயதிலிருந்து நூலுவின் உலகம் எண்ணிக்கையால் ஆனது. கண்ணுக்குத் தெரிந்தால் வேலை, தெரியாவிட்டால் சோம்பேறித்தனம். அடுக்கில் இல்லாத விரிப்பை மடித்தேன் என்று யார் சொன்னாலும் எடுபடாது. அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால் ரேடியோ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்று புதன்கிழமை. மஞ்சளை எடுக்காமல் அட்டையை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். மறுநாள் காலையில் வெள்ளையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாள்.

பத்து மணி ஆகவில்லை, எட்டரைக்கே விரல்கள் வேலைக்கு வந்துவிட்டன.

அப்படி ஓர் ஒன்பது வாரம். அவள் வாழ்நாளிலேயே கையை அத்தனை ஆசையாகப் பார்த்ததில்லை. குழாய் திறந்தது, கொக்கி மாட்டியது. விரிப்பை உதறினால் துப்பாக்கி வெடித்தாற்போல் சத்தம் வந்தது. அடுத்த ஜோடிகள் திரும்பிப் பார்த்தன. பத்துக் கோடு, பதினொன்று, ஒரு நாள் பதின்மூன்று. ரேடியோ ஓயாமல் பேசினாள், பாடினாள், சூப்பர்வைசரின் நடையை நடித்துக் காட்டினாள். புதன்தோறும் நூலு இருநூற்று நாற்பது கொடுத்தாள். பெட்டி அட்டையை விரித்துத் தேதி போட்டுக் கழித்தாள்.

"கன்னம் வெச்சிருக்கடி. வாட்ச்மேன் ராத்திரி எங்க காவல் காக்கறாரு?" என்று ரேடியோ அவள் கன்னத்தைக் கிள்ளினாள். நூலுவும் உடம்பு தேறுகிறது என்றுதான் நினைத்தாள். முகம் வட்டமாக ஊதுவது வெள்ளை மாத்திரையின் வேலை என்று அவளுக்கு யார் சொல்வது? இரத்தப் பரிசோதனைக்கு அவள் போகவில்லை. டாக்டரம்மாவிடமும் போகவில்லை. இரண்டு வெள்ளை மூன்றாயிற்று, மூன்று நாலாயிற்று. மருந்துக்கடைக்காரர் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். வலி இல்லாத ஆளைப் பார்த்து யார் என்ன கேட்பார்கள்?

பத்தாவது வாரம், திங்கட்கிழமை காலை, நாலு வெள்ளையும் வேலைக்கு வரவில்லை.

பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ரேடியோ மூலைகளைக் கொடுத்தாள். நூலு பிடித்தாள், பிடித்ததாகத்தான் நினைத்தாள். விரிப்பு அவள் விரல்களுக்கு நடுவில் தண்ணீர்போல நழுவி ஈரத்தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தாள். அடுத்ததும் விழுந்தது. விழுந்த விரிப்புக்கு அபராதம் உண்டு, அதுவும் ஆளுக்குப் பாதி. ரேடியோ பாட்டை நிறுத்தினாள்.

அன்றுதான் நூலு கையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். நாலு விரலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன, பஸ்ஸில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கும் ஆட்களைப்போல. நடுவிரலின் நடு மூட்டு முன்பக்கமாக மடங்கியே நின்றது. நிமிர்த்தினால் நிமிரவில்லை. எப்போது சாய்ந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. வலித்திருந்தால் பார்த்திருப்பாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். மணிக்கட்டு எலும்புகளின் ஓரத்தில் கரையான் அரித்ததுபோல் பள்ளம் பள்ளமாக இருந்தது.

"மஞ்சள எப்ப நிறுத்தினீங்க?"

நூலு கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கூட வந்த புருஷன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வெள்ளை வலிய அமுக்கத்தாம்மா. வலி போச்சுன்னதும் நோய் போச்சுன்னு நினைச்சிட்டீங்க. அது உள்ள தின்னுக்கிட்டேதான் இருந்திருக்கு. வலியோட இருந்திருந்தா கையப் பார்த்துப் பயன்படுத்தியிருப்பீங்க. வலி தெரியாததால எட்டு மணி நேரம் இழுத்திருக்கீங்க."

"திரும்ப நேராகுமா?"

"இனி மோசமாகாம பார்த்துக்கலாம். மஞ்சளத் திரும்ப ஆரம்பிக்கிறோம், கூட இன்னொண்ணும். வெள்ளைய நீங்களா சட்டுனு நிறுத்தக் கூடாது, நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். போனது போனதுதாம்மா."

வெளியே வந்ததும் புருஷன் கேட்டார். "யாரு நிறுத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

வெள்ளை குறையக் குறைய வலி கந்துவட்டிக்காரன்போல் வந்து நின்றது. ஒன்பது வாரம் வராததற்கும் சேர்த்துக் கேட்டது. தோள், முழங்கால், தாடை. வாயைத் திறந்து சோறு வைக்க முடியவில்லை. சாயங்காலம் லேசான காய்ச்சல். படுத்தால் புரள முடியாது. செத்துப்போனால் தேவலை என்று ஒரு காலையில் வாய்விட்டுச் சொன்னாள். புருஷன் கேட்காததுபோல் குழாயைத் திறந்தார். தண்ணீர் வாளி நிரம்பி வழிந்து ஓடியும் அவர் அதை மூடவில்லை.

லாண்டரியில் சீட்டில் நாலு கோடு, மூன்று கோடு. ஒரு செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் வந்து ரேடியோவைக் கூப்பிட்டு மெஷினுக்கு அந்தப் பக்கம் வைத்துப் பேசினார். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோ தலையை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. முதலில் இல்லை என்று. ரொம்ப நேரம் கழித்து, சரி என்று.

மறுநாள் ரேடியோவுக்கு எதிரே புதிதாக ஒருத்தி நின்றாள். நல்ல உயரம், நீளக் கை. நூலுவைக் காலுறை ஜோடி சேர்க்கிற மேசைக்கு மாற்றினார்கள். இரண்டு காலுறையை ஒன்றுக்குள் ஒன்று சொருகிச் சுருட்ட வேண்டும். குழந்தைகூடச் செய்யும் வேலை. அவள் விரலுக்கு அதுவும் வரவில்லை. அங்கிருந்து புதுஜோடியைப் பார்த்தாள். உதறு நன்றாகத்தான் விழுந்தது. விளிம்புதான் ஒரு விரல்கடை தள்ளி நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பதினோரு வருடம் தான் நேராக வைத்ததையும் யாரும் பார்த்திருக்கமாட்டார்களோ என்று அப்போதுதான் நூலுவுக்குத் தோன்றியது.

வாரக் கடைசியில் சூப்பர்வைசர் கணக்கு முடித்துக் கையில் கொடுத்தார். கெட்ட ஆள் இல்லை. "கை சரியானதும் வாம்மா" என்றார். அவளும் "வரேன் ஐயா" என்றாள்.

மூன்றாவது புதன்கிழமை சாயங்காலம் ரேடியோ வீட்டுக்கு வந்தாள். புருஷன் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். நூலு கதவைச் சாத்தித் தாழ் போடாமல் வைத்திருந்தாள். தாழ் போட்டால் திறக்க முடியாது.

ரேடியோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிடிக்கு வாகாகத் துணி சுற்றிய கரண்டி, கைப்பிடியில் கயிறு கட்டிய அலமாரி, மூடி இல்லாத டப்பாக்கள்.

"புதுசு எப்படி அக்கா?" என்று நூலுதான் கேட்டாள்.

"அது ஊமைக் கோட்டான். நான் சொல்ற எதுக்கும் சிரிக்க மாட்டேங்குது."

"கோடு எத்தனை விழுது?"

"பத்து." சொல்லிவிட்டு ரேடியோ தலையைக் குனிந்துகொண்டாள்.

நூலு தலையணைக்கு அடியில் மணிக்கட்டை விட்டு ஒரு காகித உறையைத் தள்ளி வெளியே எடுத்தாள். "இதுல நூத்தி எண்பது இருக்கு. அவர் சம்பளத்துலருந்து வாங்கி வெச்சேன். இது போக ஆயிரம் நிக்கும். புதனுக்குப் புதன் கொஞ்சமா..."

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"எதுவும் வேணாம். விட்டுட்டேன். மொத்தத்தையும்."

"பிச்சையா அக்கா?"

"போடி இவளே. அந்தக் கேடுகெட்ட புத்திய யாரு சொன்னா? சீட்டக் கிழின்னு வாய் கூசாம சொன்னது யாரு? நான்தானே. உன் வீட்டுக்காரர் கிட்டகூட நீ சொல்லல. எனக்குத் தெரியும், வழியில பார்த்தேன், என்னப் பார்த்து நல்லா சிரிச்சாரு. அந்தச் சிரிப்புல நான் செத்தேன். அதுக்குக் கழிச்சுக்கோ."

"நீங்க சொன்னீங்க. நிறுத்தினது நான்."

"கழிச்சுக்கோடி."

"அப்ப என் ரெண்டு கையும் சேர்ந்து ஆயிரத்து நூத்தி எண்பதா?"

ரேடியோ வாயைத் திறந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அது நின்று, தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்து, அதுவும் நின்றது.

"இன்னிக்குப் புதன்" என்றாள் நூலு. "மஞ்சள் போடணும். பிதுக்கித் தர்றீங்களா? அவர் மறந்துட்டுப் போயிட்டார்."

ரேடியோ அட்டையை எடுத்தாள். கட்டைவிரலால் ஒரே அமுக்கு. மாத்திரை அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவா அது?"

"அதுதான்."

"இப்பவாவது வேலை செய்யுதா?"

"தெரியல. மூணு மாசம் ஆகும்னாங்க."

ரேடியோ மாத்திரையை அவள் நாக்கில் வைத்துத் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தாள். பிறகு உறையை எடுத்துத் திரும்பவும் தலையணைக்கு அடியிலேயே செருகினாள். நூலு தடுக்கவில்லை. தடுக்கக் கை இல்லை, வாதாடத் தெம்பும் இல்லை. கடன் இருந்தால் புதன்தோறும் ஒரு ஆள் வந்து போகும் என்று ஓர் ஓரத்தில் நினைத்திருந்தாள். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

"அப்ப கணக்கு அட்டையில அடிச்சிடணும். எழுதினது நான், அடிக்கறதும் நானே அடிக்கறேன். எடுங்க" என்றாள்.

அலமாரியிலிருந்து மாத்திரைப் பெட்டி அட்டை வந்தது. பேனாவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்தாள். அட்டையைத் தொடுவதற்குள் விழுந்தது. இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தாள். ஒரு புள்ளி விழுந்தது, பேனாவும் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. ரேடியோ குனிந்து எடுத்தாள்.

"எங்க அடிக்கணும்னு காட்டு."

கடைசி வரியில் இருந்தது ஆயிரத்து நூற்று எண்பது. நூலு விரலை நீட்டினாள். விரல் போன திசை வேறு. அது மேலே பல வரி தள்ளி, ஒரு மாத மாத்திரை என்று எழுதிய இடத்தில் போய் நின்றது. கையைத் திருப்பி, முழங்கையை நகர்த்தி, மறுபடி நீட்டினாள். மறுபடியும் வேறெங்கோ.

"எல்லாத்தையும் அடிச்சிடுங்க அக்கா."

ரேடியோ பேனாவைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்து, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒரே இழுப்பாக இழுத்தாள். பாதியில் கோடு வளைந்து, ஓரம் தாண்டி நூலுவின் மடியில் போய் முடிந்தது.

"கோணலாப் போச்சு" என்றாள் நூலு.

"போகட்டும்" என்றாள் ரேடியோ.